லிப்கிரிப்டோ 111 காணோம்: பாதியில் நின்ற ஒரு ஃப்ரீபிஎஸ்டி அப்கிரேட்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, என்னோடு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, நைட்டு கரண்ட் போயிட்டு வந்திருக்கு. சர்வர் எழுந்துடுச்சு, ஆனா போஸ்ட்கிரெஸ் எழல, சைட்டும் வரல." சூடோ போட்டு சர்வீஸை ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பாரு தம்பி என்றேன். "சூடோவே ஓடல அண்ணா" என்று சொல்லிவிட்டு, திரையில் வந்த வரியை அப்படியே வாசித்தான்: ஷேர்டு ஆப்ஜெக்ட் "லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111" நாட் ஃபவுண்ட், ரிக்வயர்டு பை "சூடோ". நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி கோப்பு காணோம் என்று அர்த்தம்.

அந்த 111 என்ற எண் காதில் விழுந்ததுமே நடந்தது எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு மதியம் வரை ஆயிற்று, அதில் அரை மணி நேரம் முழுக்கத் தப்பான பக்கம் போனேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். ஒரு யூனிக்ஸ் இயந்திரம் "தேவையான ஒன்று இல்லை" என்று சொன்னால், அதைச் சொல்வது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். நிரலை ஏற்றும் லோடர் சொல்லும் "இல்லை" ஒன்று, பேக்கேஜ் டேட்டாபேஸ் சொல்லும் "இல்லை" இன்னொன்று, பேக்கேஜ்களை இறக்கும் கிடங்கான ரெப்போ சொல்லும் "இல்லை" மற்றொன்று. அன்றைக்கு ஒரே சர்வரில் மூன்றும் இருந்தன, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முன்கதை

ஒரு நடுத்தர அலுவலகத்தின் சர்வர். போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பிஎச்பி, ரசீதுகளைக் கையொப்பமிட்டு அனுப்பும் ஒரு சின்ன பைதான் நிரல், அப்புறம் முன்பு இருந்தவர்கள் தாங்களே கட்டிய ஒரு உள் பேக்கேஜ். ஃப்ரீபிஎஸ்டி 13.3-இல் ஓடிக்கொண்டிருந்ததை 2024 ஆகஸ்டில் 14.1-க்கு ஏற்றினோம்.

ஃப்ரீபிஎஸ்டியைத் தொடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் மேலே படித்தால் விளங்காது. லினக்ஸ் விநியோகங்களில் கெர்னல் முதல் எடிட்டர் வரை எல்லாமே பேக்கேஜ். இங்கே அப்படியில்லை. கெர்னல், சி லைப்ரரி, ஷெல், எஸ்எஸ்எச், குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் எல்லாம் சேர்ந்து பேஸ் சிஸ்டம் என்ற ஒரே உடம்பு, எங்கள் சர்வரில் அதைப் புதுப்பிப்பது ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட். நாம் தனியாக நிறுவும் நிரல்கள் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் போகும், அவற்றைப் பார்த்துக்கொள்வது பிகேஜி என்ற பேக்கேஜ் மேலாளர். வீட்டுச் சொந்தக்காரரும் குடித்தனக்காரரும் மாதிரி. குடித்தனக்காரரின் சாமான் பட்டியல் பிகேஜியிடம் இருக்கும், சுவரும் கூரையும் அதன் கணக்கில் வராது.

13-ஆம் வரிசையின் பேஸில் இருந்தது ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1, அதனால் லைப்ரரிகளின் பெயர் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.111, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111. அந்த 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதி முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த 14.0 ஓபன்எஸ்எஸ்எல் 3.0-க்கு மாறியது, லைப்ரரிகளின் வால் எண்ணும் 30 ஆகிவிட்டது. இது புதிதும் இல்லை. 2018 டிசம்பரில் 12.0 வந்தபோதும் இதே மாதிரி லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.8 போய் 111 வந்தது, அப்போதும் இதே அழுகை கேட்டது.

வெள்ளி முதல் ஞாயிறு வரை

ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டில் பெரிய பதிப்பு ஏற்றம் என்றால் "இன்ஸ்டால்" என்பதை மூன்று முறை ஓட்ட வேண்டும். முதல் முறை கெர்னல், பிறகு ரீபூட். இரண்டாம் முறை பேஸின் மற்ற நிரல்களும் லைப்ரரிகளும். அது முடியும்போது, பழைய ஷேர்டு லைப்ரரிகளை நீக்க வேண்டியிருக்கிறது, அதற்கு முன் நீங்கள் தனியாக நிறுவிய மென்பொருள் அனைத்தையும் புதிதாகக் கட்டிவிட்டு மறுபடி இன்ஸ்டால் ஓட்டுங்கள் என்று ஒரு வேண்டுகோள் வரும். மூன்றாம் முறை ஓட்டினால் 111 எண் கொண்ட கோப்புகள் நிஜமாகவே அழிந்துவிடும்.

வெள்ளி இரவு இரண்டாம் முறை வரை நான் செய்தேன். எல்லாம் ஓடியது, ஏனென்றால் பழைய லைப்ரரிகள் இன்னும் வட்டில் இருந்தன. மணி பன்னிரண்டரை. பேக்கேஜ்களை மறுநாள் பார்க்கலாம் என்று, பகிர்ந்த குறிப்பில் "இன்னும் ஒரு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால் பாக்கி" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். அதற்கு முன்னால் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்ற வரியை எழுதவில்லை. சனிக்கிழமை மாலை தம்பி அந்தக் குறிப்பைப் பார்த்து, பாக்கியை முடித்து வைத்தான். அவன் செய்தது குறிப்பில் இருந்ததைத்தான். பிழை என்னுடையது.

சனி மாலை 111 போய்விட்டது. ஆனால் ஞாயிறு இரவு வரை எதுவுமே விழவில்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் பெயர்தான் முதலில் போகும். ஏற்கெனவே அதை நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும் நிரல்களுக்கு உள்ளடக்கம் அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் தன்னையே ஃபோர்க், அதாவது நினைவகத்திலேயே பிரதி, செய்துகொள்ளும், நிரலை வட்டிலிருந்து மறுபடி ஏற்றாது. பிஎச்பி எஃப்பிஎம்மும் அப்படித்தான். அதனால் சர்வீஸ்கள் எல்லாம் இல்லாத லைப்ரரியை வைத்துக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் ஆரோக்கியமாக ஓடியிருக்கின்றன. மின்சாரம் போய் ரீபூட் ஆனதும் புதிதாக ஏற்ற வேண்டி வந்தது, அப்போது ஏற்ற எதுவும் இல்லை.

ஒரு தடயம் மட்டும் முன்கூட்டியே விழுந்திருந்தது. சனி இரவு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வழியாக ஓடும் டேட்டாபேஸ் பேக்கப், அதாவது பிஜி-டம்ப், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றப்படும் நிரல். அது 111 காணோம் என்று கத்திவிட்டு விழுந்திருக்கிறது. கிரானும் ஒழுங்காக ரூட் பயனருக்கு மெயில் போட்டிருக்கிறது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

நான் தப்பாகப் போன அரை மணி நேரம்

எஸ்எஸ்எச் பேஸில் இருப்பது, அதனால் உள்ளே போக முடிந்தது. எஸ்யூவும் பேஸில் இருப்பது, அதனால் ரூட் ஆக முடிந்தது. சூடோவை மட்டும் நம்பி ரூட் பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டவர்கள் இந்த இடத்திலேயே நின்று, கன்சோல் முன்னால் போய் உட்கார வேண்டியிருக்கும்.

பிகேஜி என்று தட்டினால் அதுவும் 111 காணோம் என்றது. பரவாயில்லை, அதற்கென்றே பிகேஜி-ஸ்டாட்டிக் என்று ஒரு பிரதி கூடவே வருகிறது. தேவையான லைப்ரரிகளைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பது, வெளியில் எது இல்லாவிட்டாலும் ஓடும். அதை வைத்து, டிபெண்டன்சி, அதாவது தான் நம்பியிருக்கும் வேறு பேக்கேஜ், காணாமல் போன பேக்கேஜ்கள் எவை என்று கேட்டேன். கமாண்ட் "பிகேஜி-ஸ்டாட்டிக் செக் -டி -ஏ -என்". கடைசி "என்" முக்கியம், அது இல்லாவிட்டால் காணாமல் போனதை நிறுவவா என்று கேட்டுக் கைவைக்கத் தயாராகிவிடும்.

பதில் ஒரே ஒரு வரி. எங்கள் உள் பேக்கேஜுக்குப் பிசிஆர்இ (உரையில் வடிவம் தேடும் லைப்ரரி) என்ற டிபெண்டன்சி இல்லை. அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சூடோ பற்றி இல்லை, என்ஜின்எக்ஸ் பற்றியும் இல்லை.

காலை நேரம், போன் மேல் போன், கண்முன்னே ஒரே ஒரு புகார். அதைப் பிடித்துக்கொண்டேன். பிசிஆர்இ எப்போது போனது, யார் எடுத்தார்கள், அதற்கும் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் என்ன தொடர்பு என்று தேடத் தொடங்கினேன். பிகேஜி தான் செய்யும் ஒவ்வொரு நிறுவலையும் நீக்கலையும் சிஸ்லாகில் எழுதும், அதனால் பழைய சுருக்கிய லாக்குகளில் தேடியபோது கிடைத்தது: நான்கு மாதத்துக்கு முன்பு யாரோ பிசிஆர்இயை நீக்கியிருக்கிறார்கள். பாதுகாப்புத் தணிக்கையில் பழைய மென்பொருள் என்று பார்த்து, கட்டாயப்படுத்தும் "-எஃப்" கொடுத்து நீக்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் தனியாகப் பிசிஆர்இ மட்டும் போயிருக்காது.

அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. நான்கு மாதமாக இல்லாத ஒன்று நேற்று இரவு ஒரு சர்வீஸை வீழ்த்தியிருக்க முடியாது. டேட்டாபேஸ் சொன்னது உண்மைதான், ஆனால் நான் கேட்க வந்த கேள்விக்கு அது பதில் இல்லை.

பிகேஜிக்கு ஏன் தெரியவில்லை

உண்மையில் இந்த நிகழ்வின் கரு இங்கேதான் இருக்கிறது. ஒரு பேக்கேஜைக் கட்டும்போது பிகேஜி அதனுள் இருக்கும் ஒவ்வொரு நிரலையும் திறந்து, எந்தெந்த ஷேர்டு லைப்ரரி வேண்டும் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். ஆனால் அந்த லைப்ரரி பேஸ் சிஸ்டத்தைச் சேர்ந்தது என்றால் அன்றைய பிகேஜி இயல்பாகக் குறிக்காது. அலவ் பேஸ் எஸ்எச்லிப்ஸ் என்று ஒரு அமைப்பு இருந்தது, இயல்பில் அது அணைந்தே இருந்தது. ஆக, போஸ்ட்கிரெஸுக்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.111 வேண்டும் என்பது பிகேஜியின் டேட்டாபேஸில் எந்த வரியிலும் இல்லை. வேண்டும் என்றே எழுதாத ஒன்றை, இல்லை என்று அதனால் எப்படிச் சொல்ல முடியும்?

டெபியன், உபுண்டு பக்கம் இதே ஓபன்எஸ்எஸ்எல் மாற்றம் வேறு முகத்தோடு வரும். அங்கே லிப்எஸ்எஸ்எல்1.1 என்பதும் லிப்எஸ்எஸ்எல்3 என்பதும் தனித்தனி பேக்கேஜ். உபுண்டு 22.04-இல் முன்னது ரெப்போவிலேயே கிடையாது. அதனால் பழைய டெப் கோப்பு ஒன்றை ஆப்ட் கொண்டு நிறுவப் போனால், அன்மெட் டிபெண்டன்சீஸ் என்று வாசலிலேயே தடுத்துவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நேர்மையான தடுப்பு. ஃப்ரீபிஎஸ்டியில் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள், உள்ளே போய் ஓட்டும்போதுதான் லோடர் சொல்லும். பேஸும் பேக்கேஜும் பிரிந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, பத்து வருடமாக அதனால்தான் இதைப் பயன்படுத்துகிறேன். அதற்கான விலையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரிய பதிப்பு மாறும் இந்த ஒரு நாளில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

லோடரின் பார்வையில் என்ன இல்லை என்று அறிய, ஒரு நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கமாண்ட் போதும். போஸ்ட்கிரெஸ் நிரலை எல்டிடியில் கொடுத்ததும் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.111, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111 இரண்டுக்கும் நேரே நாட் ஃபவுண்ட். யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் இருக்கும் பின், எஸ்பின், லிப், லிப்எக்ஸெக் அடைவுகள் முழுவதையும் அதே மாதிரி ஓட்டி, நாட் ஃபவுண்ட் வரிகளை மட்டும் வடிகட்டினேன். பிகேஜி ஒரே ஒரு குறை சொன்ன அதே இயந்திரத்தில் திரை நிரம்பி வழிந்தது.

முதலில் தரவு

தம்பி இதற்குள் ஒரு யோசனை கண்டுபிடித்திருந்தான்: 30 என்ற கோப்புக்கு 111 என்று ஒரு சிம்லிங்க், அதாவது மாற்றுப் பெயர், போட்டுவிடலாமா என்று. வேண்டவே வேண்டாம் என்றேன். எண் மாறியிருப்பதே, உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களும் தரவு அமைப்புகளும் பழையதோடு ஒத்துப்போகாது என்று சொல்வதற்காகத்தான். சிம்லிங்க் போட்டால் நிரல் கிளம்பவே மறுக்கலாம், அது நல்ல முடிவு. கிளம்பி, குறியாக்கத்தின் நடுவில் உடைந்தால் அது கெட்ட முடிவு. டேட்டாபேஸ் சர்வரில் அந்தப் பந்தயம் கட்டக் கூடாது.

ரோல்பேக்? ரூட் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இருந்ததால் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் தானாகவே வெள்ளி இரவு ஒரு பூட் என்விரான்மெண்ட், அதாவது திரும்பப் பூட் செய்யக்கூடிய சிஸ்டத்தின் பிரதி, எடுத்து வைத்திருந்தது. அதற்குத் திரும்பினால் பத்து நிமிடத்தில் எல்லாம் எழுந்துவிடும். ஆனால் இயல்பான நிறுவலில் வேர் டிபி என்ற, நிரல்களின் தரவு இருக்கும் அடைவு ரூட் டேட்டாசெட்டுக்குள்ளேயே இருக்கும், பேக்கேஜ் டேட்டாபேஸும் யூஎஸ்ஆர் லோக்கலும் ஒன்றாகப் பின்னால் போக வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், ஆனால் போஸ்ட்கிரெஸின் தரவும் அதே வேர் டிபிக்குள்தான். எங்கள் சர்வரில் அதைத் தனி டேட்டாசெட்டாகப் பிரித்திருக்கவில்லை. திரும்பிப் போனால் சனிக்கிழமை வேலை முழுவதும் அங்கே இருக்காது. சனி இரவு பேக்கப்பும் கிடையாது.

அதனால் வேறு விதமாகச் செய்தேன். பிஇ-சிடிஎல் கொண்டு அந்தப் பழைய பூட் என்விரான்மெண்டை மவுண்ட் செய்து, அதிலிருந்து அசல் 111 கோப்புகள் இரண்டையும் வேர் டிஎம்பி என்ற தற்காலிக இடத்தில் ஒரு தனி அடைவுக்குக் காப்பி எடுத்தேன். எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறியை அந்த அடைவுக்குக் காட்டி, போஸ்ட்கிரெஸ் பயனராக சர்வரைக் கிளப்பினால் எழுந்துவிட்டது. சிம்லிங்க் மாதிரி ஏமாற்று இல்லை, அந்த நிரல் எதோடு கட்டப்பட்டதோ அதே லைப்ரரி. (சூடோவுக்கு இது பலிக்காது. ஓட்டுபவரின் அதிகாரத்தில் இல்லாமல் கோப்பின் சொந்தக்காரர் அதிகாரத்தில் ஓடும் செட்யூஐடி நிரல்களுக்கு லோடர் இந்த மாறியைக் கண்டுகொள்ளாது, கண்டுகொண்டால் அது பெரிய பாதுகாப்பு ஓட்டை.) அதே வழியில் முழு டம்ப் ஒன்று எடுத்து வேறு இயந்திரத்துக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் ஒரு டம்ளர் காபி குடிக்க மனம் வந்தது.

நிஜமான பழுது

போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு "பிகேஜி பூட்ஸ்ட்ராப் -எஃப்". இந்த வடிவத்தில் கொடுத்தால், பேஸில் இருக்கும் சின்ன பிகேஜி உடைந்துபோன பெரிய பிகேஜியைத் தேடாமல், புதிய பதிப்புக்கான பிகேஜியை நேராக இறக்கி நிறுவிவிடும். பெரிய பதிப்பு மாறியிருக்கிறது, இதை ஓட்டுங்கள் என்று பிகேஜியே எச்சரிக்கை தரும் வழக்கமும் உண்டு. வாரக்கடைசியில் யாரும் பிகேஜியைத் தொடாததால் அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது எல்லாப் பேக்கேஜ்களையும் கட்டாயமாக மறுநிறுவல் செய்யும் "பிகேஜி அப்கிரேட் -எஃப்". அதை நேராக ஓட்டாமல் முதலில் "-என்" சேர்த்து வெறும் திட்டத்தை மட்டும் பார்த்தேன். எத்தனை நிறுவப்படும் என்ற எண்ணை விட, எத்தனை நீக்கப்படும் என்ற எண்ணைத்தான் படிக்க வேண்டும். பிஎச்பியின் போஸ்ட்கிரெஸ் இணைப்பு வேறொரு கிளையன்ட் பதிப்பைக் கேட்டால் இரண்டு கிளையன்ட்டும் ஒன்றாக இருக்க முடியாது, உடனே பிகேஜி டேட்டாபேஸ் சர்வரையே நீக்கிவிடலாமா என்று கேட்கும். அவசரத்தில் ஒய் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெப்போவைக் கட்டும்போது ஒரு போர்ட் (ஒரு பேக்கேஜைக் கட்டும் செய்முறை) தோற்றுப்போனால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் கட்டப்படாமல் அந்தச் சுற்றில் காணாமல் போகும், அப்போதும் இந்த நீக்கப் பட்டியல் நீளும். அன்று எங்கள் பட்டியலில் நீக்கம் எதுவும் இல்லை. ஓட்டினேன். சூடோ, போஸ்ட்கிரெஸ், என்ஜின்எக்ஸ் எல்லாம் 30-ஆம் எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுந்தன.

சைட் வந்துவிட்டது, ரசீது மட்டும் போகவில்லை. பைதான் நிரலின் லாகில் இம்போர்ட் எரர், மறுபடியும் அதே 111, இம்முறை கேட்டது கிரிப்டோகிராஃபி மாட்யூல். எல்லாவற்றையும் மறுநிறுவல் செய்தும் இது எப்படித் தப்பியது?

அதற்குப் பிகேஜியிடமே ஒரு நல்ல கேள்வி கேட்கலாம். பேஸ் லைப்ரரிகளைக் குறிக்காவிட்டாலும், ஒவ்வொரு பேக்கேஜும் எந்த ஏபிஐக்கு, அதாவது எந்தப் பெரிய பதிப்புக்கும் செயலி வகைக்கும், கட்டப்பட்டது என்பதை அது வைத்திருக்கும். பிகேஜி குவெரியில் சதவீதக் குறியும் க்யூவும் கொடுத்தால் "ஃப்ரீபிஎஸ்டி:13:ஏஎம்டி64" என்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் வரும். அதில் 13 என்று இன்னும் சொல்லிக்கொண்டிருந்தவற்றை மட்டும் எடுத்தேன். ஐந்தாறு பேக்கேஜ்கள், எங்கள் உள் பேக்கேஜைத் தவிர எல்லாமே பிஒய்39 என்று தொடங்குபவை. இயல்பான பைதான் 3.9-இலிருந்து 3.11-க்கு மாறியபோது ரெப்போவில் பிஒய்39 பேக்கேஜ்களின் பெயர்களே பிஒய்311 ஆகிவிட்டன. பழைய பெயர் ரெப்போவில் இல்லை, அதனால் மறுநிறுவல் செய்ய எதுவும் கிடைக்கவில்லை, பிகேஜியும் அவற்றைச் சத்தமில்லாமல் அப்படியே விட்டுவிட்டது. என் பார்வையில் இது சத்தம் போட வேண்டிய இடம்.

பிஒய்311 பேக்கேஜ்களை நிறுவி, நிரலின் முதல் வரியில் இருந்த பைதான் பதிப்பை மாற்றி, பழைய ரசீது ஒன்றைக் கையொப்பமிட்டுப் பார்த்து, பிறகு பிஒய்39 வரிசையை நீக்கினேன்.

கடைசியாகக் காலையில் என்னை அலைக்கழித்த பிசிஆர்இ. உள் பேக்கேஜின் நிரலை எல்டிடியில் பார்த்தால் அது எப்போதோ பிசிஆர்இ2-க்கு மாறிவிட்டிருக்கிறது. பேக்கேஜின் மேனிஃபெஸ்ட் கோப்பில் மட்டும் பழைய பெயரை யாரும் எடுக்கவில்லை. லோடருக்குக் குறை இல்லை, டேட்டாபேஸுக்கு மட்டும் குறை. செக் கமாண்டுக்கு ஒய் சொல்லியிருந்தால், யாருக்கும் தேவையில்லாத ஒரு பழைய லைப்ரரி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும், அடுத்த தணிக்கையில் இன்னொருவர் அதை மறுபடி பிடுங்கியிருப்பார். மேனிஃபெஸ்ட்டைத் திருத்தி 14-இல் புதிதாகக் கட்டி நிறுவியதும் செக் சுத்தமாகத் திரும்பியது, 13 ஏபிஐ கேள்விக்கும் வெறும் வரி, எல்டிடியின் நாட் ஃபவுண்டும் பூஜ்யம்.

மதியம் ஒன்றரைக்கு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று சர்வரை ரீபூட் செய்தேன். தம்பிக்குப் பதற்றம், "இப்பதானே அண்ணா எழுந்துச்சு" என்றான். ஓடிக்கொண்டிருப்பது எதையும் நிரூபிக்காது என்பதைத்தான் சனிக்கிழமை நமக்குக் காட்டியதே, மறுபடி எழ வேண்டும் என்றேன். எழுந்தது. பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டி, ரூட்டின் மெயிலை எங்கள் இருவர் பெட்டிக்கும் திருப்பி, வேர் டிஎம்பியில் வைத்திருந்த இரண்டு 111 கோப்புகளையும் அழித்தேன். பகிர்ந்த குறிப்பில் மூன்றாவது இன்ஸ்டாலுக்கு மேலே பூட்ஸ்ட்ராப், அப்கிரேட், ஏபிஐ கேள்வி மூன்றையும் தம்பியே எழுதிச் சேர்த்தான். பழைய பூட் என்விரான்மெண்டை மட்டும் ஒரு வாரம் விட்டுவைத்து, அடுத்த திங்கட்கிழமை நீக்கினோம்.